சுவருக்குள் லேன் வயர் போட்ட புது வீடு, மோடம் ஹாலில்: இரண்டையும் எப்படி இணைப்பது?

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கட்டும்போதே எஞ்சினியர் சொல்லி, மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒன்று என்று சுவருக்குள் லேன் வயர் (நெட் கொண்டுபோகும் வயர்) போட்டாகிவிட்டது. வயர் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வந்து சுருண்டு கிடக்கிறது. முனையில் பின் எதுவும் அடிக்கவில்லை, வெட்டி விட்டபடியே இருக்கிறது.

ஃபைபர்காரர் வந்து ஹாலில் டிவி பக்கத்தில் மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஹாலில் வைஃபை நன்றாக வருகிறது. மாடியில் மகள் படிக்கும் அறைக்குப் போனால் ஒரு கோடுதான் காட்டுகிறது, வகுப்பு நடக்கும்போது நின்று நின்று வருகிறது. லேப்டாப்பை அந்த அறைச் சுவரில் இருக்கும் பாயிண்டில் செருகிப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார், எலக்ட்ரீஷியனைக் கேட்டால் "கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடுங்க" என்கிறார், ஃபைபர்காரர் "அது எலக்ட்ரீஷியன் வேலை" என்கிறார். உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், ஆள் பிடித்துச் செய்துகொள்வேன்.

குடந்தை வயர்மேன் எழுதியது:

தங்கச்சி, வீட்டில் கோளாறு எதுவும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். சுவரில் இருக்கும் பாயிண்ட் ஒரு வயரின் ஒரு முனை, மறுமுனை படிக்கட்டுப் பெட்டியில் இருக்கிறது, அந்த முனையில் நெட்டைக் கொடுத்தால்தான் இந்த முனையில் கிடைக்கும். இப்போது மோடம் ஒரு இடத்தில், வயர்கள் கூடும் இடம் இன்னொரு இடத்தில். இரண்டையும் சேர்ப்பதுதான் மொத்த வேலையும்.

கரண்ட் வயரிங்கில் ஒரே லைனிலிருந்து நாலு பாயிண்ட் எடுப்போம், லேனில் அது ஆகாது. ஒரு பாயிண்டுக்கு ஒரு வயர், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. உங்கள் எஞ்சினியர் அந்த வகையில் சரியாகத்தான் செய்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் கைவிரிப்பதும் இதனால்தான், அவர் பழகிய முறைக்கு இது நேர் மாறு.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வயர் மேல் என்ன அச்சடித்திருக்கிறது? பெட்டியில் மொத்தம் எத்தனை முனை? லேன் வயரும் கரண்ட் வயரும் ஒரே பைப்பில் வருகின்றனவா, தனித்தனிப் பைப்பா?

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

நன்றி அண்ணே. வயர் மேல் "கேட் 6, 4 பேர், 23 ஏடபிள்யூஜி" என்று இருக்கிறது. ஐந்து முனை இருக்கிறது, எது எந்த அறை என்று எழுதவில்லை. லேனுக்குத் தனிப் பைப்தான், வீடு கட்டும்போது எடுத்த போட்டோவில் தெரிகிறது. பெட்டிக்குள் ஒரு பிளக் பாயிண்டும் வைத்திருக்கிறார்கள்.

கமலாலயக் கரை எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு சகோதரி? இரண்டு மெஷ் பெட்டி (ஒன்றோடொன்று பேசி வைஃபையைப் பரப்பும் பெட்டி) வாங்கி ஒன்றைக் கீழே ஒன்றை மேலே வையுங்கள், வேலை முடிந்தது. திருவாரூரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. சுவரை நோண்ட வேண்டாம், ஆளும் தேட வேண்டாம்.

குடந்தை வயர்மேன் எழுதியது:

தம்பி, சுவரை யாரும் நோண்டச் சொல்லவில்லை. சுவருக்குள் வயர் ஏற்கனவே இருக்கிறது! பைப்பும் வயரும் போடத்தான் செலவு, அதைச் செய்து முடித்த வீட்டில் மறுபடி காற்றில் அனுப்புவானேன்? கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நடுவில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் எப்படியோ மேலே ஏறிவிடும், வேகமாக ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் தளத்தைத் தாண்டுவதற்குள் பாதி செத்துவிடும். மேலே வைக்கும் மெஷ் பெட்டியும் அந்தச் செத்த சிக்னலை வாங்கித்தான் திருப்பிக் கொடுக்கும். மெஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த மேல் பெட்டிக்குச் சுவர் வயரைச் செருகினால் அருமையாக ஓடும். அதற்கும் முதலில் படிக்கட்டுப் பெட்டி வேலை முடிந்தாக வேண்டும்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போடுவது என் தொழில். அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மோடத்தையே படிக்கட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராது, கதவை மூடினால் சூடாகும். அதோடு ஃபைபரை ஹாலிலிருந்து அங்கே நீட்ட வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை, லேன் வயர் மாதிரி மூலையில் மடக்கினால் உள்ளே ஒளி கசிந்து போகும். மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் கணக்கில் காட்டும், மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில்தான் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வயரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். முக்கியமாக, ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவோம்.

இரண்டாவது வழிதான் உங்களுக்குச் சரி. மோடம் ஹாலிலேயே இருக்கட்டும். டிவிக்குப் பின்னால் ஒரு லேன் பாயிண்ட் இருக்கிறதே, அது டிவிக்கு என்று போட்டிருப்பார்கள், நாம் அதைத் திருப்பிப் பயன்படுத்தப் போகிறோம். மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து பேட்ச் கார்டு (இரு முனையிலும் பின் அடித்த குட்டை லேன் வயர்) ஒன்றை அந்தச் சுவர்ப் பாயிண்டில் செருகுங்கள். நெட் அந்த வயர் வழியாகப் படிக்கட்டுப் பெட்டிக்குப் போய்விடும். அங்கே ஒரு ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேகம்) நெட்வொர்க் சுவிட்ச், அதாவது ஒரு வயரில் வரும் நெட்டைப் பல வயருக்குப் பங்கிடும் சின்னப் பெட்டி, வையுங்கள். ஐந்து போர்ட் போதும், எட்டு வாங்கினால் பின்னால் கேமராவுக்கு உதவும். ஹாலிலிருந்து வந்த வயரை அதில் ஒரு போர்ட்டிலும், மற்ற நாலு அறை வயரை மற்ற போர்ட்டுகளிலும் செருகினால் நாலு அறையிலும் நெட் வந்துவிடும். சுவிட்சில் செட்டிங் எதுவும் கிடையாது, கரண்ட் கொடுத்தால் போதும்.

கடையில் "ஒன்றை இரண்டாக்கும்" ஆர்ஜே45 (லேன் பின்) பிரிப்பான் என்று ஒரு சின்னத் துண்டைக் காட்டுவார்கள், அதை வாங்க வேண்டாம். அது வெறும் கம்பியைப் பிரிக்கும், சுவிட்ச் வேலையைச் செய்யாது.

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

இப்போது படம் புரிகிறது சார். டிவி பாயிண்டை மோடத்துக்குக் கொடுத்துவிட்டால் டிவிக்கு என்ன செய்வது? மோடத்தில் நாலு லேன் ஓட்டை இருக்கிறது, எதில் செருக வேண்டும்?

தஞ்சை மேலவீதி எழுதியது:

டிவி மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நேராக மோடத்தின் இன்னொரு போர்ட்டில் போட்டுவிடுங்கள். எந்தப் போர்ட் என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பல மோடங்களில் நாலில் ஒன்று மட்டுமே ஜிகாபிட், மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ். பக்கத்தில் ஜிஇ என்றோ ஜி என்றோ எழுதியிருக்கும், பெரும்பாலும் லேன் 1. படிக்கட்டுக்குப் போகும் வயர் அந்தப் போர்ட்டில்தான் இருக்க வேண்டும், வீடு முழுவதும் அதன் வழியாகத்தான் குடிக்கப் போகிறது. டிவிக்கு 100 தாராளம்.

குடந்தை வயர்மேன் எழுதியது:

இனி முனை அடிக்கும் வேலை. இதில்தான் நம் பக்கத்தில் நிறைய வீடு கெட்டுப்போகிறது, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

வயருக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். டி568பி என்ற நிற முறையில் வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி மூன்றாவதிலும் ஆறாவதிலும் பிரிந்து நிற்கிறது பாருங்கள், நீல ஜோடி அதன் நடுவே உட்காருகிறது. விவரம் தெரியாத ஆள் என்ன செய்வார் என்றால், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுவார், இரண்டு முனையிலும் அதே மாதிரி. மலிவு டெஸ்டரில் போட்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும், சரி என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் இல்லை, வேறு வேறு ஜோடியின் கம்பி. ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் ஏறும். நெட் வரும், போகும், வேகம் இருக்காது, காரணம் யாருக்கும் பிடிபடாது. அதனால் டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பாமல் கண்ணால் நிறத்தைப் பாருங்கள். ஏற்கனவே அறைகளில் மாட்டியிருக்கும் பாயிண்டைத் திறந்து, பின்னால் எந்த முறையில் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஏ (ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிய டி568ஏ) என்றால் இங்கேயும் ஏ, பி என்றால் பி. பாயிண்டுக்குள் இருக்கும் ஜாக்கின் பக்கவாட்டில் நிறம் அச்சடித்தே இருக்கும்.

முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், அரை அங்குலம், 13 மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். பெட்டிக்குள் நேராக ஆர்ஜே45 பின் அடிப்பதைவிட அதே மாதிரியான கீஸ்டோன் ஜாக்கில் பஞ்ச் டூல் (கம்பியை அழுத்தி உட்காரவைக்கும் கருவி) வைத்து அடித்து, அதிலிருந்து பேட்ச் கார்டில் சுவிட்சுக்குப் போவது நல்லது. சுவருக்குள் வரும் வயரில் எட்டுக் கம்பியும் இழைகளாக இல்லாத ஒற்றைக் கம்பி, அடிக்கடி அசைத்தால் முறியும்.

நாகை கடலோரம் எழுதியது:

வயர்மேன் அண்ணன் சொன்னது நூறு சதம் சரி. ஒன்று சேர்க்கிறேன், வயர் முனையை வெட்டும்போது கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள் அக்கா. உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்ல வயர். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. மேல் அச்சில் கேட் 6 என்றே போட்டிருந்தாலும், அலுமினியக் கம்பி போட்டது அந்தத் தரத்தில் சேராது. வயர் சுருள் எடை குறைவாக இருக்கும், விலையும் குறைவு, பஞ்ச் அடிக்கும்போது கம்பி முறியும். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகிறது. ஜாக்கில் காண்டாக்ட் தங்கமுலாம் பூசியதா என்றும் கேட்டு வாங்குங்கள், கடலோரத்தில் அதற்கு வித்தியாசம் தெரிகிறது.

திருவையாறு பழையவீடு எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது தாத்தா காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகும், செங்கல் சுவர் முழங்கை கனம். வாசல் பக்கம் மோடம் வைத்தால் பின்கட்டில் அப்பாவுக்குக் கிடைப்பதில்லை, அவர் வயதுக்கு வாசலுக்கு வந்து வந்து பேச முடியாது. அந்தக் காலத்தில் போட்ட டெலிபோன் வயர் எல்லா அறைக்கும் ஓடுகிறது. அதையே இப்படிப் பயன்படுத்த முடியுமா?

தஞ்சை மேலவீதி எழுதியது:

முடியாது ஐயா, அதற்கு ஆசைப்பட வேண்டாம். டெலிபோன் வயரில் பெரும்பாலும் இரண்டு ஜோடிதான் இருக்கும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். அதைவிடப் பெரிய தடை, அது ஓடும் விதம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று ஒரே இடத்தில் பிரிந்து தனித்தனியாகப் போவது மாதிரி லேன் வயர் ஒரே இடத்திலிருந்து பிரிய வேண்டும். டெலிபோன் வயரோ ஒரு வாய்க்கால் வயலுக்கு வயல் பாய்ந்து கடைமடைக்குப் போவது மாதிரி அறைக்கு அறை ஒட்டி ஓடும். மணி அடிக்க அது போதும், இதற்கு ஆகாது.

உங்கள் வீட்டில் சுவரை உடைக்காமலே செய்யலாம். வாசலிலிருந்து பின்கட்டு வரை விட்டத்தின் ஓரமாகக் கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி) ஓட்டி ஒரே ஒரு கேட் 6 வயர் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீடும் அவ்வளவு நீளம் இராது. முற்றத்தைத் தாண்டும் இடத்தில் வெயிலும் மழையும் படும், அங்கே வெளிப்புற வயர் என்று கேட்டு வாங்கிய கறுப்பு உறை வயர்தான் வேண்டும், உள்வீட்டு வயரின் உறை வெயிலில் வெடித்துவிடும். பின்கட்டில் ஒரு பழைய ரூட்டரை வைத்தால் அப்பா இருந்த இடத்திலிருந்தே பேசலாம்.

பாபநாசம் களத்துமேடு எழுதியது:

சார், இதே மாதிரி வீட்டிலிருந்து வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு லேன் வயர் இழுத்துக் கேமரா வைக்கலாமா? எண்பது மீட்டர்தான் இருக்கும்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

தூரம் சரிதான், ஆனால் செம்பு வயர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். திறந்தவெளியில் போகும் செம்பு வயர் மின்னலின் வீச்சை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரும். நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே சுவிட்ச், மோடம், டிவி எல்லாம் போகும். கொட்டகைக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த் என்று இருப்பதும் ஆபத்துதான். ஒன்று ஃபைபர் போடுங்கள், அதில் மின்சாரம் பாயாது, ஆனால் தாங்கலுக்கு எஃகுக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் எதிரும் புதிருமாக வைக்கும் வயர்லெஸ் பாலம் ஒரு ஜோடி போதும், நடுவில் தென்னை மறைக்கக் கூடாது.

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீடாமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்து ஐந்து முனையிலும் ஜாக் அடித்துக் கொடுத்தார். உள்ளே செம்புதான், சுரண்டிப் பார்த்துவிட்டோம். எட்டுப் போர்ட் சுவிட்ச் வைத்திருக்கிறோம். நாலு அறையிலும் நெட் வருகிறது! மகள் அறையில் மட்டும் லேப்டாப்பில் வேகம் 100 என்றே காட்டுகிறது, மற்ற அறையில் 1000 என்று காட்டுகிறது. நெட் பேக்கேஜ் 300 எம்பிபிஎஸ். இது ஏன்?

குடந்தை வயர்மேன் எழுதியது:

சந்தோஷம் தங்கச்சி. 100-க்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய நாலு கம்பி போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். அதனால் நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முதலில் பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் அந்த அறைப் பாயிண்டைத் திறந்து, கட்டடம் கட்டும்போது அடித்த பழைய ஜாக்கை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் வயர் கெட்டிருக்கும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் முனையில்தான் இருக்கும்.

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

அப்படியே அண்ணே, பிரவுன் கம்பி ஜாக்கில் ஏறாமல் மேலே நின்றது. மறுபடி அடித்ததும் 1000 வந்துவிட்டது. இப்போது பழைய ரூட்டர் ஒன்று இருக்கிறது, அதை மாடியில் வைத்து வைஃபை எடுக்க நினைக்கிறேன், எல்லோரும் போன்தான் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

தாராளமாக. அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், வேறு வேலை இல்லை. இல்லாவிட்டால் சுவரில் செருகும் முன்னால் லேப்டாப்பில் இணைத்து, அதன் நெட்வொர்க் முகவரியை மாற்றுங்கள், மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு மற்ற கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். அப்புறம் சுவர் வயரை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வெளியிலிருந்து நெட் வாங்குவதற்கான, நிறம் மாறி இருக்கும் வேன் போர்ட்டில் வேண்டாம். டிஹெச்சிபியை அணைக்காமல் விட்டால் வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிடுவார்கள், சில போனில் நெட் வரும், சிலதில் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள்.

இன்னொன்று, ஒரே ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவே தவறியும் இரண்டு வயர் போட்டுவிடாதீர்கள். அதே செய்தி வட்டமாகச் சுற்றி மொத்த வீட்டு நெட்டும் நின்றுவிடும்.

கமலாலயக் கரை எழுதியது:

படித்தபிறகு ஒத்துக்கொள்கிறேன், வயர் இருக்கும் வீட்டில் வயர்தான் சரி. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லையே. மோடத்துக்கு மட்டும் மினி யூபிஎஸ் வைத்தால் படிக்கட்டுப் பெட்டியில் சுவிட்ச் அணைந்து மாடியில் நெட் போய்விடும். இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் பல ஊருக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதற்கு யூபிஎஸ் தாங்காது, ஆனால் தினமும் வரும் அரை மணி ஒரு மணிக்குக் கட்டாயம் வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பெட்டி பிளக் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் மாற்றச் சொல்லுங்கள் சகோதரி.

குடந்தை வயர்மேன் எழுதியது:

தம்பி சொன்னது முக்கியம். யூபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், மோடம் பெரும்பாலும் 12 வோல்ட், சின்னச் சுவிட்ச் 5 வோல்ட்டாக இருக்கும், மாற்றிக் குத்தினால் போய்விடும். பெட்டியில் பைப் வந்து சேரும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வரும், வயரைக் கடிக்கும்.

மன்னார்குடி மாடிவீடு எழுதியது:

பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். மாடி ரூட்டரும் ஓடுகிறது, மகள் நிம்மதியாகப் படிக்கிறாள். கடைசியாக ஒன்று. வாசலுக்கு ஒரு கேமரா வேண்டும், அங்கே பைப்பும் இல்லை, பிளக்கும் இல்லை.

தஞ்சை மேலவீதி எழுதியது:

பிஓஇ கேமரா வாங்குங்கள், லேன் வயரிலேயே அதற்குக் கரண்டும் போய்விடும். உங்கள் சுவிட்ச் பிஓஇ இல்லை என்றால் தனியாக ஒரு பிஓஇ இன்ஜெக்டர் (வயரில் கரண்ட் ஏற்றும் சின்னப் பெட்டி) படிக்கட்டுப் பெட்டியில் வைத்தால் போதும், சாதாரண கேமராவுக்கு 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் தாராளம். வெளிப்புறக் கறுப்பு வயரை சன்ஷேடுக்கு அடியில் ஓட்டுங்கள். சுவருக்குள் நுழையும் ஓட்டைக்குச் சற்றுக் கீழே வயரைத் தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றினால் மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. ஐந்து ஜாக்கிலும் எந்த அறை என்று அந்தத் தம்பியை எழுதி ஒட்டச் சொல்லிவிடுங்கள், கேமராவுக்கு ஆறாவது.